வாசகர் கேள்வி – பதில்: ஊர் மண்டபத்தில் விஞ்ஞான விரிவுரை

ஊர்தோறும் பொதுமக்களுக்கான விஞ்ஞான, தொழில்நுட்ப விரிவுரைகள் ஒழுங்காக நடைபெற வேண்டும் என்று சென்ற இதழில் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர்ப்பெயர் மட்டும் இடம்பெறுகிறது.

எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு விஞ்ஞான விரிவுரை நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். விண்வெளி, அணுசக்தி, செயற்கை நுண்ணறிவு என்று பல தலைப்புகள் முன்மொழியப்பட்டுள்ளன. எதில் தொடங்கலாம்?
— நிலைய உறுப்பினர், உரும்பிராய்

கிணற்றில் தொடங்குங்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் நல்ல தலைப்புகளே. எனினும் முதல் நாள் வருகின்றவர், தாம் ஏற்கெனவே பாதி அறிந்த பொருளைப் பற்றிப் பேசும்போதுதான் எழுந்து நின்று கேள்வி கேட்கத் துணிவார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கிய மழைநீரையே. அந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் பலர். அதைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலர்.

கண்ணால் காட்டுவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உயரமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில், உப்பை நன்றாகக் கரைத்துச் சிறிது நீல மை சேர்த்த நீரைப் பாதியளவுக்கு ஊற்றுங்கள். அதன் மேற்பரப்பை ஒட்டிக் கரண்டியொன்றைப் பிடித்து, அதன் வழியாக நன்னீரை மிக மெதுவாக வழியவிடுங்கள். இரண்டும் கலவாமல் அடுக்காக நிற்கும். பிறகு, ஊசி நீக்கிய சிரிஞ்சியில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, அதன் முனையை நீலப் படைக்குச் சற்று மேலே நிறுத்தி ஆறுதலாக இழுத்தால் தெளிந்த நீர் மட்டும் வரும். விசையாக இழுத்தால் நீலம் கூம்பாக மேலெழுந்து குழாய்க்குள் புகும். மின்மோட்டர் பூட்டி மணிக்கணக்காக இறைத்த கிணறு கோடையில் ஏன் உவர்ந்துபோகிறது என்பதை இதற்குப் பிறகு யாரும் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்து ஓர் எண்ணைச் சொல்லலாம். கடல்நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைவிட ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு அதிகம். ஆகையால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டம் ஓரடி இறங்கினால், காலப்போக்கில் உவர் 40 அடி ஏறிவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே வெளியிட்ட கணக்கு இது. இது ஓடாத நீருக்கும் ஒரே சீரான நிலத்துக்கும் உரியது. வெடிப்புகள் நிறைந்த நம்முடைய பாறையில் இடத்துக்கிடம் மாறுபடும். அந்த வரையறையையும் விரிவுரையாளர் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்ச்சனங்களுக்கு இவ்வளவு போதும் என்று எண்ணி வரையறைகளை விட்டுவிடுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை இந்த இடத்தில் நினைவூட்டினால், சபையிலிருந்தே பல செய்திகள் வரும்.

வருகின்றவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கிணற்று நீரை ஒரு போத்தலில் கொண்டுவரட்டும். கடத்துதிறன் மானி ஒன்றை ஒரு மாலைக்கு இரவல் பெறுவது கடினமன்று. பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ கேட்டுப் பாருங்கள். கரைந்திருக்கும் உப்பு கூடக் கூட மானி காட்டும் எண்ணும் கூடும். அந்த எண்களை ஊர்ப்படம் ஒன்றில் குறித்து, மாரி முடிந்ததும் ஒரு முறையும் கோடை முடிவில் ஒரு முறையுமாகத் தொடர்ந்தால், உங்கள் ஊரின் நிலத்தடி நீரைப் பற்றி வேறெவரிடமும் இல்லாத பதிவொன்று உங்கள் வாசிகசாலைச் சுவரில் இருக்கும். கிணற்றுக்காரரின் சம்மதம் இல்லாமல் அவருடைய கிணற்று எண்ணைப் பகிரங்கப்படுத்தாதீர்கள். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகப் பேச்செழுந்த காலத்தில் அயலவரிடையே எத்தனை அச்சமும் ஐயமும் பரவின என்பதை நாம் மறக்கவில்லை. அக்காலத்தில், எதை, எவ்வாறு அளந்தார்கள், அளவின் பொருள் என்ன என்பதை ஒரு மண்டபத்தில் வைத்து நிதானமாக விளக்கும் வழக்கம் நமக்கு இருந்திருந்தால், அந்த அச்சத்தில் ஒரு பகுதியேனும் தணிந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

யூரியூபில் உலகின் சிறந்த விஞ்ஞானிகளே பேசுகிறார்கள். பஸ் பிடித்துப் போய் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பதால் என்ன பயன்?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

காணொளிகளை நானும் விரும்பிப் பார்க்கிறேன். கருந்துளையைப் பற்றியோ மரபணுவைப் பற்றியோ அவற்றில் கிடைக்கும் படங்களை எந்த மண்டபத்திலும் காட்ட முடியாது. ஆயினும் காணொளிக்கு உங்கள் முகம் தெரியாது. ஒரு வாக்கியம் விளங்காதபோது உங்கள் புருவம் சுருங்குவதைக் கண்டு, பேசுகின்றவர் நின்று, வேறு வழியால் மறுபடி சொல்வது நேரில் மட்டுமே நிகழும். அதைவிட முக்கியமானது, பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வி. கோப்பாயில் வெங்காயம் செய்கின்றவரும், மருத்துவ மாணவியும், இளைப்பாறிய அஞ்சல் அதிபரும் ஒரே விரிவுரையைக் கேட்டு மூன்று விதமான கேள்விகளை எழுப்பும்போது, அந்தப் பொருளின் மூன்று பக்கங்கள் உங்களுக்குத் தெரியவருகின்றன. தனியே பார்க்கும் திரை உங்களுக்குப் பிடித்ததையே மேலும் மேலும் காட்டும்.

இங்கிலாந்தின் லீட்சு நகரில் 1998இல் தொடங்கிய ‘விஞ்ஞானத் தேநீர்க்கடை’ என்ற ஏற்பாட்டின் அடிப்படையும் இதுவே. விஞ்ஞானி ஒருவர் சற்று நேரம் பேசுவார். இடைவேளைக்குப் பிறகு எஞ்சிய நேரம் முழுவதும் வந்தவர்களுக்கு உரியது. இணையம் பெருகிய இந்தக் காலத்திலும் அது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம்மிடம் தேநீர்க்கடையும் உண்டு. பத்திரிகை வாசித்துவிட்டு அதைப் பற்றி உரக்க விவாதிக்கும் வாசிகசாலையும் உண்டு.

இத்தகைய விரிவுரைகள் மேலைநாட்டு வழக்கம்தானே? நம் மண்ணில் இதற்கு வேர் இருக்கிறதா?
— இளைப்பாறிய ஆசிரியர், வட்டுக்கோட்டை

மேலைநாட்டில் இது நெடுங்காலமாக ஒழுங்குபட நடந்துவருகிறது என்பது உண்மை. இலண்டனிலுள்ள கிரெசாம் கல்லூரி 1597 முதல் பொதுமக்களுக்கு இலவச விரிவுரைகளை வழங்கிவருகிறது. 1799இல் அதே நகரில் நிறுவப்பட்ட றோயல் நிறுவனம், 1825 முதல் நத்தார் காலத்தில் சிறுவருக்கான விரிவுரைகளை நடத்துகிறது. 1939 முதல் 1942 வரையான போர் ஆண்டுகளைத் தவிர அது நின்றதில்லை. விஞ்ஞானி மைக்கேல் பரடே ஒருவரே அவற்றுள் 19 தொடர்களை நிகழ்த்தினார். எரியும் மெழுகுவர்த்தி ஒன்றிலிருந்து தொடங்கித் தகனம், ஐதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, மனிதரின் சுவாசம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அவர் விரித்த தொடர் இன்றும் அச்சில் இருக்கிறது.

அந்தப் பரடே கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டைக் கொண்டு, றோயல் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்கப் போனார். கேட்டவற்றை ஏறத்தாழ 300 பக்கங்களில் எழுதி, தாமே கட்டமைத்து டேவிக்கு அனுப்பினார்; அடுத்த ஆண்டில் அவருடைய ஆய்வுகூட உதவியாளரானார். ஒரு பொது விரிவுரையின் பின்வரிசையில் இருந்தவரிடமிருந்தே 1831இல் மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தத்தின் அசைவால் கம்பிச் சுருளில் மின் உண்டாகும் நிகழ்வு, வெளிப்பட்டது. பின்வரிசையில் இருப்பவர் யாரென்று விரிவுரை நடத்துகின்றவருக்குத் தெரியாது என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஆறுமுக நாவலர் 1847 திசெம்பர் 31 அன்று, அது ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. அதே ஆண்டுகளில் இலண்டன் றோயல் நிறுவனமும் வெள்ளி மாலைகளில் விரிவுரை நடத்திக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று அறியாத, பொருளாலும் நோக்கத்தாலும் வேறான இரு முயற்சிகள் இவை. ஆயினும், குறித்த கிழமையில், குறித்த இடத்தில், வருகின்ற எவருக்கும் ஒரு பொருளை ஒழுங்காக எடுத்துச் சொல்வது என்ற பழக்கம் யாழ்ப்பாணத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வந்துவிட்டது. அது நல்ல தமிழில், பொதுமக்களின் செவிக்கேற்ற நடையில் வந்தது. இன்றும் இலக்கிய விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நம்மவர் திரள்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை என்று சொல்பவர்களின் கூற்றை இதனாலேயே நான் ஏற்பதில்லை.

விஞ்ஞானத்துக்கென்று தனியாகவும் வேர் உண்டு. உங்கள் ஊரில் அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும், 1860களிலிருந்து தமிழிலும் கற்பித்தார்; 1873இல் அவர் நாடு திரும்புவதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றியிருந்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியும் வைத்திருந்தார். உடற்கூற்றியலைத் தமிழில் விளங்கப்படுத்த இயலும் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் நிறுவப்பட்டுவிட்டபடியால், தமிழில் விஞ்ஞானம் பேச வருமா என்ற கேள்விக்கு இப்பகுதியில் மறுபடியும் பதில் எழுதமாட்டேன்.

நகரில் நடந்த ஒரு விரிவுரைக்கு எட்டாம் தரத்தில் படிக்கும் மகளை அழைத்துச் சென்றேன். பேசியவர் பெரிய அறிஞர் என்பது தெரிந்தது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குறை எங்களிடமா?
— ஒரு தாய், சாவகச்சேரி

இல்லை, அம்மா. எட்டாம் தர மாணவியையும் அவருடைய தாயையும் வரும்படி அழைத்த விரிவுரை, அவர்கள் இருவருக்கும் விளங்கும்படி இருக்கக் கடமைப்பட்டது. பரடே தம் இருபத்தொன்றாம் வயதில், 1813இல், நண்பர் அபொட்டுக்கு எழுதிய கடிதங்களில் விரிவுரை செய்யும் முறையை ஆராய்ந்திருக்கிறார். மண்டபத்தின் காற்றோட்டம், பேசுகின்றவரின் குரல், பரிசோதனை மேசையின் ஒழுங்கு ஆகியவற்றையெல்லாம் அவர் கவனித்திருந்தார். எவருக்கும் ஒரு மணி நேரமே போதும் என்பது அவருடைய தீர்மானம். நம்முடைய விரிவுரைகளில் பல, ஆய்வு மாநாட்டுக்கென்று செய்த படவில்லைகளை அப்படியே கொண்டுவந்து, அறுபது எழுபது என்று தள்ளிக்கொண்டு போகின்றன. கேட்பவர் ஒரு படத்தை வாசித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

மின்காந்தத் தூண்டலை உதாரணமாகக் கொள்வோம். விதியை எழுதித் தொடங்கினால் உங்கள் மகள் பாடசாலையிலும் ரியூசனிலும் கேட்டதையே மூன்றாம் முறையாகக் கேட்பார். அதற்குப் பதிலாக, பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைக் கொண்டுவந்து, சபையில் உள்ள முதியவர்களிடம் இது எதற்குப் பயன்பட்டது என்று கேட்கலாம். மின்சாரமும் பற்றரியும் இல்லாதிருந்த 1990களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, இந்த டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேசிய பிறகு டைனமோவைக் கழற்றிக் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் காட்டுங்கள். மின்குமிழைப் பொருத்தி ஒரு சிறுமியைச் சுற்றச் சொல்லுங்கள். குமிழைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றச் சொல்லுங்கள். குமிழ் எரியும்போது சுற்றுவது கடினமாக இருக்கிறது, கழற்றியதும் இலகுவாகிவிடுகிறது என்பதை அவருடைய கையே அறியும். ஒளிக்கான சக்தி அந்தக் கையிலிருந்து வந்தது என்பதை அவரே சொல்லுவார். விதியின் பெயரை அதன் பிறகு சொன்னால் அது மனத்தில் தங்கும்.

அடுத்த முறை விளங்காத இடத்தில் கையை உயர்த்தி, “இந்த இடத்தைத் திரும்பச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அந்த மண்டபத்தில் விளங்காதிருப்பவர்கள் நீங்கள் இருவர் மட்டுமாக இருக்க முடியாது.

தொடக்க நிகழ்ச்சியில் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆகியவற்றுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?
— செயலாளர், ஒரு விளையாட்டுக் கழகம், அளவெட்டி

விளக்கேற்றுங்கள், விரிவுரையாளரை மூன்று நிமிடத்தில் அறிமுகம் செய்யுங்கள், ஏனையவற்றை ஆண்டு விழாவுக்கு விட்டுவிடுங்கள். கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களின் கேள்வி நேரத்தை வாழ்த்துரைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிரகணத்தைப் பற்றி விரிவுரை நடத்தினால் பெரியவர்களின் மனம் புண்படும் என்று எங்கள் குழுவில் சிலர் தயங்குகிறார்கள். பஞ்சாங்கத்தை மறுத்துப் பேச வேண்டியிருக்குமா?
— வாசகர், அராலி

மறுக்கத் தேவையில்லை, பஞ்சாங்கத்தையே மேசையில் வைத்துத் தொடங்கலாம். கிரகணம் தொடங்கும் நேரத்தைப் பஞ்சாங்கம் எப்படி முன்கூட்டியே சொல்கிறது என்ற கேள்வி, சூரியன், சந்திரன், பூமி ஆகிய மூன்றின் இயக்கத்துக்கு நேரே நம்மை அழைத்துச் செல்லும். 1829இல் ஏற்பட்ட சந்திர கிரகணத்தையொட்டி, வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் தானியேல் பூருக்கும் உங்கள் பகுதியின் பஞ்சாங்கக் கணிதருக்கும் இடையே கணிப்பு வேறுபாடு எழுந்து பெரிதும் பேசப்பட்டது. இரு தரப்பினரும் கிரகணம் வரும் என்பதில் ஒன்றுபட்டிருந்தார்கள். நேரத்திலும் மறைப்பின் அளவிலுமே வேறுபட்டார்கள். எது சரி என்பதை அன்றிரவு வானத்தைப் பார்த்தே அறிய முடிந்தது. அந்த நிகழ்ச்சி மத விவாதத்தின் ஒரு பகுதியாக நினைக்கப்படுவதால், அதில் அடங்கிய விஞ்ஞானப் பாடம் மறைந்துவிட்டது. கணிப்புகளை முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லிவிட்டு எல்லோருடைய கண்முன்னும் சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானத்தின் வழி.

குடாநாட்டின் மேலாக 2010 ஜனவரி 15 அன்றும், 2019 திசெம்பர் 26 அன்றும், சூரியன் ஒளி வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணங்கள் சென்றன. பத்தாண்டுக்குள் இரண்டு முறை ஒரே இடத்துக்கு இப்படி வாய்ப்பது அரிது. அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் உண்டு. அவர்களை ஏளனம் செய்யாதீர்கள். சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது விழித்திரையை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதால் அவர்களின் எச்சரிக்கையில் நியாயமும் கலந்திருக்கிறது. மாமர இலைகளின் இடைவெளிகள் ஊசித்துளைகளாகி நிலத்தில் நூற்றுக்கணக்கான பிறைகளை விழுத்தும் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவற்றைப் பார்க்கச் சூரியனை நோக்கவே தேவையில்லை. உணவு நஞ்சாகுமா, கருவுற்ற பெண்ணுக்குத் தீங்கா என்று கேட்டால், நிலவின் நிழல் விழுவதால் உணவிலோ உடலிலோ எந்த மாற்றமும் ஏற்படுவதில்லை என்று தெளிவாக, மரியாதையோடு சொல்ல வேண்டும். அந்தப் பதிலை மழுப்புவதும் தவறு.

ஓகஸ்ட் மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். ரொறன்ரோவில் பல ஆண்டுகளாகப் பொறியியலாளராக இருக்கிறேன். நானும் ஒரு விரிவுரை செய்யலாமா? எதைப் பற்றிப் பேசுவது?
— ஊரவர், கனடாவிலிருந்து

வாருங்கள். நீங்கள் எதைப் பேச விரும்புகிறீர்கள் என்பதற்கு முன், ஊரவர் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டெழுதுங்கள். நீங்கள் கட்டிய பாலத்தையோ செய்த மென்பொருளையோ பற்றிப் பேசலாம். எது பிழைத்தது, எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்கு அதுவே பெரும் பயன்.

நீங்கள் வரும் காலத்தில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு 9 பாகை 40 கலையை ஒட்டி அமைந்திருப்பதால், ஆண்டில் இருமுறை நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும்: சித்திரைப் புத்தாண்டையொட்டி ஏப்ரல் 14 அல்லது 15இலும், மறுபடி ஓகஸ்ட் 28 அளவிலும். அன்று பகல் 12 மணி 10 நிமிடம் அளவில் நிமிர்ந்து நிற்கும் கம்புக்கு நிழல் இராது. காலி நகரம் நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, 400 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அங்குள்ள பாடசாலை ஒன்றுடன் தொலைபேசியில் பேசி, அதே நண்பகலில் ஒரு மீற்றர்க் கம்பின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். தெற்கு நோக்கி 6.3 சென்ரிமீற்றர் அளவில் நிழல் விழும், அது 3.6 பாகை கோணத்தைத் தரும். 360 பாகையில் 3.6 பாகை நூறில் ஒரு பங்கு. ஆகவே 400 கிலோமீற்றரை நூறால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர். ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கிரேக்க அறிஞர் எரதோசுதீன்சு செய்த அளவீட்டை, யாழ்ப்பாணத்து மாணவர்களும் காலி மாணவர்களும் சேர்ந்து ஒரு கம்பையும் அளவுகோலையும் கொண்டு செய்ய முடியும். நல்ல வெயில் நாளாக அமைய வேண்டும் என்பதைத் தவிர வேறு செலவில்லை. மொழியாலும் போராலும் பிரிந்திருந்த இரு முனைகளின் பிள்ளைகள் ஒரே எண்ணைத் தேடிப் பேசிக்கொள்வதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

தொலைகாட்டி வாங்கப் பணம் இல்லை. வானியல் மாலை நடத்த முடியுமா?
— உயர்தர மாணவி, பருத்தித்துறை

தாராளமாக. உங்கள் கடற்கரையின் வடக்கே திறந்த கடல் இருக்கிறது. கையை முழுவதுமாக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். முட்டியின் அடியைக் கடல்விளிம்பில் வைத்தால் துருவ நட்சத்திரம் அதன் மேற்புறத்தை ஒட்டித் தெரியும். நீங்கள் நிற்கும் இடத்தின் அகலாங்கை அப்படியே கையால் அளந்துவிட்டீர்கள். வைகாசி மாதத்தில் இரவு 9 மணியளவில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தைக் காணலாம்; இலண்டனில் இருப்பவர்களுக்கு அது ஒருபோதும் தெரியாது. கடற்றொழிலாளர்களையும் அழையுங்கள். இவ்விரு திசைகளையும் அவர்களில் மூத்தவர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள், அவர்களுக்கும் பேச நேரம் கொடுங்கள். இரவல் இருகண்நோக்கி ஒன்று கிடைத்தால், கையை ஏதாவது கம்பத்தில் ஊன்றிக்கொண்டு பார்க்கும்போது வியாழனின் நிலவுகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்டவை அவை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பொதுமக்களுக்கு எளிமையாக விளக்க முடியுமா? பிள்ளைகள் பாட விடைகளைக்கூட அதனிடம் கேட்கிறார்கள்.
— தந்தை, கொக்குவில்

உரையாடும் மென்பொருள்களின் அடிப்படையை ஒரு மண்டபத்தில் பத்து நிமிடத்தில் காட்டலாம். “நல்லூர்க் கந்தசுவாமி” என்று சொல்லி நிறுத்துங்கள். சபை முழுவதும் “கோயில்” என்று முடிக்கும். “நேற்று நான் சந்தையில் வாங்கியது” என்று சொல்லி நிறுத்துங்கள். பத்துப் பேர் பத்துப் பொருள்களைச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கைகள் உயர்ந்தன என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். பெருந்தொகையான எழுத்துகளைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொற்களுக்கு இத்தகைய நிகழ்தகவுகளைக் கணித்துச் சொற்களைத் தொடுத்துச் செல்வதே அம்மென்பொருளின் அடிப்படை வேலை. இரண்டாம் வாக்கியத்துக்கு உண்மையான விடை எது என்பது வாங்கியவருக்கு மட்டுமே தெரியும். ஆயினும் மென்பொருள் தயக்கமின்றி ஒன்றைச் சொல்லிவிடக்கூடும். தமிழில், அதிலும் நம் ஊர்ச் செய்திகளில், அது படித்த எழுத்துகள் குறைவு என்பதால் இத்தகைய பிழைகள் கூடுதலாக வரும். இதைக் கண்ட பிள்ளை அதன் விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகும். தடை செய்வதைவிட இது பயன் தரும் என்பது என் எண்ணம்.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தேன். கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, இதனால் கல்லடைப்பு வருமா, கொதிக்க வைத்தால் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகிவிடுமா என்றெல்லாம் இப்படியான கூட்டங்களில் கேட்கலாமா?
— வாசகி, நீர்வேலி

உங்கள் கடிதத்தில் இரண்டு விரிவுரைகளுக்கான பொருள் இருக்கிறது, அம்மா. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு, நம்முடைய சுண்ணாம்புக் கல்லையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கொதிக்க வைக்கும்போது அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்புக்கல் கல்சியம் காபனேற்று என்ற வெள்ளைப் படிவாகத் திரும்பவும் வந்துவிடுகிறது. கேத்திலில் நீங்கள் சுரண்டி எடுப்பதும் கிணறு வெட்டும்போது உடைத்தெடுக்கும் கல்லும் ஒரே பொருளே. கடினநீருக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. போதிய அளவு தண்ணீர் குடிக்காமலிருப்பது கல் உண்டாவதற்கு முக்கியமான காரணம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடில்லை.

கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் அழியும். தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமை நைத்திரேற்றுக்கான எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட நீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்தினால் குருதியின் ஒட்சிசன் கொண்டுசெல்லும் ஆற்றல் குறையக்கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்துக்கொள்ளுங்கள். எங்கே கொடுப்பது என்பதை உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். உரும்பிராய் நண்பர்கள் தங்கள் முதல் விரிவுரையை அறிவித்தவுடன் அதன் நாளை இப்பகுதியில் வெளியிடுகிறேன். போகும்போது கேத்தில் படிவில் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்; அதன்மேல் வினாகிரி விட்டால் என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கட்டும்.